பேரேட்டைத் தெருவில் வைக்கலாமா?



பாவும் ஊடையும் இணங்கினாலன்றித் துணி உருவாகாது. அதுபோலவே, வரவும் செலவும் ஏட்டில் இணங்கினாலன்றிக் கூட்டுறவுச் சங்கம் நிலைபெறாது. 1904-ஆம் ஆண்டில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்த நாள் தொட்டு இன்றுவரை, நன்றாய் நடந்த சங்கங்களுக்கெல்லாம் பொதுவான குணம் ஒன்று உண்டு. எந்த அங்கத்தினர் எப்பொழுது கேட்டாலும் அவருடைய கணக்கை அவர் முன் எடுத்துக் காட்ட அச்சங்கங்களால் இயன்றது. அந்தக் கணக்கு இன்று தோல் அட்டை போட்ட பேரேட்டில் இல்லை, கணினியில் இருக்கிறது. இடம் மாறியதேயன்றி, அதனைக் காக்க வேண்டிய கடமை மாறவில்லை.

சென்ற சில ஆண்டுகளாக நான் தணிக்கைக்குச் செல்லும் சங்கங்களில் நிர்வாகக் குழுவினர் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “பதினைந்து இருபது ஆண்டுகளாக நம் அலுவலகத்தில் ஒரு கணக்கு மென்பொருள் நன்றாக ஓடுகிறது. இப்பொழுது பக்கத்து ஊரில் விற்பனை நிலையம் திறந்திருக்கிறோம். உரக் கிடங்கு வேறோர் ஊரில் இருக்கிறது. அங்கிருந்தும் இதே மென்பொருளில் வேலை செய்ய வேண்டும். இணையந்தான் வந்துவிட்டதே! கம்பியை நீட்டினால் போதாதா?” என்பதே அக்கேள்வி. போதாது என்பதும், அவ்வாறு நீட்டுவது அபாயம் என்பதும் என் கருத்து. அதற்குரிய காரணங்களையும், செய்யத்தக்க வழியையும் இக்கட்டுரையில் எடுத்துரைக்க விரும்புகிறேன்.

முதலில் அம்மென்பொருள் வேலை செய்யும் முறையை அறிதல் நன்று. அலுவலகத்தின் ஓர் அறையில் சர்வர் என்னும் கணினி இருக்கிறது. கணக்குகள் அனைத்தும் அதனுள்ளே ஒரு தரவுத்தளத்தில் உறைகின்றன. எழுத்தர்களின் மேசைகளில் உள்ள கணினிகளில் விஷுவல் பேசிக், டெல்ஃபை போன்றவற்றால் எழுதப்பட்ட நிரல் இருக்கிறது. எழுத்தர் ஓர் அங்கத்தினரின் எண்ணைத் தட்டியதும், மேசைக் கணினி சர்வரைக் கேட்கிறது, சர்வர் விடையளிக்கிறது. கேட்பவர் ஒருவர், தருபவர் ஒருவர். இதனையே கிளையண்ட்–சர்வர் முறை என்பர். ஒரே கட்டடத்திற்குள் இதற்கு இணையான சௌகரியம் வேறில்லை. இதனை எழுதிய இளைஞர்களை நான் குறை கூறமாட்டேன். அவர்கள் ஒரு கட்டடத்திற்கென்றே எழுதினார்கள். அக்கட்டடத்திற்குள் அது நேர்மையாக உழைத்தது.

நிற்க. நான் கண்ட ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறேன். சங்கத்தின் பெயர் இங்கு வேண்டா. அது ஒரு கைத்தறி நெசவாளர் சங்கம். பதினைந்து கிலோமீட்டர் தொலைவில் அதற்கு ஒரு கிளை உண்டு. கணினி பழுது பார்ப்பவர் ஒருவர், அலுவலகத்தின் இணையப் பெட்டியில் தரவுத்தளத்திற்கு நேரே ஒரு வாயிலைத் திறந்துவிட்டார். கிளையில் உள்ள கணினியில் தலைமை அலுவலகத்தின் இணைய முகவரியை எழுதிவைத்தார். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது, எல்லோருக்கும் மகிழ்ச்சி. மறுநாள் முதல் கிளையில் ஒரு கணக்கைத் திறக்கவே ஒரு நிமிஷம் ஆயிற்று. ஒரு நாள் நெசவாளர் ஒருவர் தம் கடனுக்காக ரூ.5,000 செலுத்தினார். கிளையில் இருந்த பெண் எழுத்தர் பதிவு செய்யும் விசையை அழுத்தினார். திரை அப்படியே நின்றுவிட்டது. சற்றுப் பொறுத்து மறுபடியும் அழுத்தினார். இம்முறை பதிந்தது, ரசீதும் வந்தது.

மாத இறுதியில் கணக்கைப் பார்த்தபோது ஏட்டில் வரவு ரூ.10,000, பெட்டியில் பணம் ரூ.5,000. குறைந்த தொகையை அந்த எழுத்தர் தம் கையிலிருந்து கட்டவேண்டுமென நிர்வாகக் குழுவில் பேச்சு எழுந்தது. பத்தாண்டு நேர்மையாகப் பணியாற்றிய ஒருவர் தலைகுனிந்து நின்ற அந்தக் காட்சி என் மனத்தை விட்டு அகலவில்லை. நான் சர்வரின் பதிவுகளை வாங்கிப் பார்த்தேன். ஒரே அங்கத்தினர், ஒரே தொகை, இரண்டு பதிவுகள். இரண்டுக்கும் நாற்பது விநாடி இடைவெளி. ரசீதின் அடிக்கட்டை ஒன்றே. பணம் காணாமற் போகவில்லை. வராத பணம் வந்ததாக எழுதப்பட்டிருந்தது. குற்றம் எழுத்தருடையதன்று; கம்பியை நீட்டிய முறையினுடையது.

இதன் காரணங்கள் மூன்று. அவற்றை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

முதற்காரணம் காலதாமதம். பலர் இதனை இணையத்தின் வேகக்குறைவு என்று எண்ணி அதிகக் கட்டண இணைப்பை வாங்குகிறார்கள். அதனால் பயன் சிறிதே. கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீட்டர் செல்லும். ஆயினும் நம் செய்தி நேர்வழியில் செல்வதில்லை. பெருநகரத்து நிலையங்கள் வழியே சுற்றிப் போய்த் திரும்புகிறது. அலுவலகத்திற்குள் ஒரு கேள்வி போய் விடை வர அரை மில்லி விநாடி போதும். இணையத்தில் 50 மில்லி விநாடி ஆகலாம்; கைப்பேசி வழி இணைப்பாயின் 150-உம் ஆகலாம். பழைய மென்பொருள் ஒரு கணக்கைத் திறக்கச் சிறு சிறு கேள்விகளாக 400 கேட்கிறது எனக் கொள்வோம். அலுவலகத்தில் அதற்கு ஆகும் நேரம் 0.2 விநாடி, இணையத்தில் 20 விநாடி, கைப்பேசி வழியில் 60 விநாடி. பாதையை எவ்வளவு அகலப்படுத்தினாலும் நடையின் எண்ணிக்கை குறையாது. ஒவ்வோர் ஊடை இழைக்கும் தறியை விட்டெழுந்து சங்கத்திற்குச் சென்று நூல் வாங்கி வரும் நெசவாளி ஒருவர் இருப்பாரானால் அவர் ஒரு சேலையை எப்பொழுது முடிப்பார்? அவருக்கு வேண்டுவது அகலமான சாலை அன்று. ஒரே தடவையில் வேண்டிய நூல் முழுவதையும் வாங்கி வரும் ஏற்பாடு.

இரண்டாவது காரணம் இணைப்பு அறுபடுதல். அலுவலகத்திற்குள் கம்பி அறுவது அபூர்வம். ஆகவே பழைய மென்பொருள் அதனை எதிர்பார்த்து எழுதப்படவில்லை. இணையத்தில் அது அன்றாட நிகழ்ச்சி. மேற்கூறிய நிகழ்ச்சியில் எழுத்தரின் முதற்பதிவு சர்வரை அடைந்தது, ஏட்டிலும் ஏறியது. “பதிந்தாயிற்று” என்னும் விடைதான் வழியில் தொலைந்தது. போன கடிதம் சேர்ந்ததா, சேரவில்லையா என்று அறியாத நிலையில் மறு கடிதம் எழுதியது போன்றதே இது. இதனினும் கொடியது மற்றொன்று உண்டு. ரொக்க ஏட்டில் பதிந்தபின், கடன் ஏட்டில் பதியுமுன் இணைப்பு அறுந்தால் ஒரு வரவு பாதியில் தொங்கும். இரண்டு பதிவும் சேர்ந்து நிகழ வேண்டும், அல்லது இரண்டுமே நிகழக்கூடாது என்னும் கட்டுப்பாட்டை நிரலில் அமைத்திருந்தாலன்றி இதற்குப் பரிகாரம் இல்லை.

மூன்றாவது காரணம் பாதுகாப்பு. அதுவே தலையாயது. தரவுத்தளத்தின் வாயிலை இணையத்திற்குத் திறந்துவைப்பது, பேரேட்டைத் தெருத் திண்ணையில் வைத்துவிட்டு உள்ளே உறங்குவதற்கு ஒப்பாகும். நான் கூறிய சங்கத்தின் சர்வரில், முகந்தெரியாதவர்கள் கடவுச்சொல்லை ஊகித்து நுழைய முயன்று தோற்ற பதிவுகள் ஒரே இரவில் ஆயிரக்கணக்கில் இருந்தன. நம் சிறு சங்கத்தை யார் தேடிவரப் போகிறார்கள் என்று எண்ணுதல் தவறு. தேடுவோர் மனிதர் அல்லர். உலகெங்கும் உள்ள முகவரிகளை ஒன்றுவிடாமல் தட்டிப் பார்க்கும் நிரல்கள். 2003-ஆம் ஆண்டு ஜனவரி 25-ஆம் தேதி ‘ஸ்லாம்மர்’ என்னும் கணினிப் புழு, மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் எஸ்.க்யூ.எல். சர்வர் என்னும் தரவுத்தள மென்பொருளில் இருந்த ஒரு குறையின் வழியே பரவியது. வாயில் திறந்திருந்த, குறை நீக்கப்படாத கணினிகளுள் பெரும்பாலானவற்றைப் பத்தே நிமிஷங்களில் அது பற்றிக்கொண்டது. அக்குறையை நீக்கும் திருத்தம் அதற்கு ஆறு மாதங்களுக்கு முன்னரே வெளியிடப்பட்டிருந்தது என்பது இங்குக் கருதத்தக்கது. மற்றும், பழைய மென்பொருள்கள் பலவற்றில் தரவுத்தளத்தின் கடவுச்சொல் ஒவ்வொரு மேசைக் கணினியிலும் ஒரு கோப்பில் வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கும். அக்கோப்பு யார் கையில் கிடைக்கிறதோ அவர் கையில் சங்கத்தின் கணக்கு முழுவதும் கிடைத்ததாகும்.

இனி, செய்யத்தக்கது யாது? என் அறிவுக்கு எட்டியவரையில் வழிகள் நான்கு.

முதல் வழி, அலுவலகத்திற்கும் கிளைக்கும் இடையே தனிப்பட்ட மறைவழி ஒன்றை அமைத்தல். வி.பி.என். என்பது அதன் பெயர். ஓப்பன்வி.பி.என்., வயர்கார்டு ஆகியவை இதற்கென விலையின்றிக் கிடைக்கும் மென்பொருள்கள். செய்திகள் மறைபொருளாக மாற்றப்பட்டுச் செல்லும். தெருவில் வாயில் திறந்து வைக்க வேண்டுவதில்லை. இது பாதுகாப்புக் குறையைப் பெரிதும் தீர்க்கும். ஆனால் காலதாமதத்தைத் தீர்க்காது. 400 கேள்விகள் 400-ஆகவே இருக்கும்.

இரண்டாவது வழி, பழைய மென்பொருளைக் கிளைக்கு அனுப்பாமல், அதன் திரையை மட்டும் அனுப்புதல். மென்பொருள் தலைமை அலுவலகத்திலேயே, சர்வருக்கு அருகிலேயே ஓடும். கிளையில் உள்ளவர் அதன் திரையைக் கண்டு விசைகளைத் தட்டுவார். ரிமோட் டெஸ்க்டாப் என்பது இதன் பெயர். 400 கேள்விகளும் அலுவலகத்திற்குள்ளேயே நிகழ்வதால் தாமதம் பெரிதும் நீங்கும். இணைப்பு அறுந்தாலும் வேலை அங்கே நின்றபடி நிற்கும். மீண்டும் நுழைந்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நிரலில் ஒரு வரியும் மாற்ற வேண்டுவதில்லை. ஆனால் இதனையும் நேரே இணையத்திற்குத் திறந்துவிடலாகாது. கணக்குகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் கயவர்கள் மிகுதியாக நுழையும் வாயில்களுள் இதுவும் ஒன்று. மறைவழியின் உள்ளேதான் இதனை வைக்க வேண்டும்; கடவுச்சொல்லோடு இரண்டாவது சான்றும் கேட்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் உரிமக் கட்டணம் உண்டு. கிளையில் பாஸ்புத்தகம் அச்சிடும் யந்திரம் சிறிது தொல்லை தரும். எனினும், ஒரு மாதத்திற்குள் கிளையை இணைத்தாக வேண்டிய சங்கத்திற்கு நான் பரிந்துரைப்பது இதனையே.

மூன்றாவது வழி, கிளையிலும் ஒரு பிரதியை வைத்து, இரவில் இரண்டையும் ஒத்திட்டுக்கொள்ளுதல். இணைப்பே சரியில்லாத ஊர்களுக்கு இது கவர்ச்சியாகத் தோன்றும். ஆனால் ஒரே அங்கத்தினரின் கணக்கில் இரு இடங்களிலும் ஒரே நாளில் பதிவு நேர்ந்தால் எதனை ஏற்பது? கையிருப்பு பத்துச் சேலை என இரு இடத்தும் கண்டு, ஒவ்வோரிடத்தும் ஒன்று விற்று, இருவரும் “கையிருப்பு ஒன்பது” என எழுதினால், உண்மையில் எட்டே இருக்க ஏட்டில் ஒன்பது நிற்கும். “ஒன்று கழிந்தது” என்று நிகழ்ச்சியை எழுதினால் இப்பிழை நேராது. “இப்பொழுது ஒன்பது” என்று முடிவை எழுதினால் நேரும். பழைய மென்பொருள்கள் பல முடிவையே எழுதுகின்றன. ஆதலால் தக்க வல்லுநர் இன்றி இவ்வழியில் இறங்குதல் கூடாது.

நான்காவது வழி, நடுவில் ஒருவரை அமர்த்துதல். கிளைக் கணினி தரவுத்தளத்தை நேரே அணுகாது. நடுவில் உள்ள ஒரு நிரலிடம், “இந்த அங்கத்தினரின் கணக்கைக் கொடு,” “இந்தத் தொகையை வரவு வை,” “இத்தனை கட்டு நூல் கொடுத்ததை எழுது” என்று முழு விண்ணப்பமாகக் கேட்கும். அந்த நடு நிரல் சர்வருக்கு அருகிலிருந்து 400 கேள்விகளையும் தானே கேட்டு, ஒரே விடையாகத் திருப்பி அனுப்பும். ஒரு போக்கு, ஒரு வரவு. வங்கிகளின் இணையதளங்கள் பயன்படுத்தும் எச்.டி.டி.பி.எஸ். என்னும் மறைமுறையிலேயே இச்செய்திகள் செல்லும். தரவுத்தளத்தின் கடவுச்சொல் கிளைக்குப் போகவே போகாது. யார், எப்பொழுது, எதனைப் பதிந்தார் என்பதையும் நடு நிரல் குறித்துவைக்கும். தணிக்கையாளனாகிய எனக்கு இதனினும் இனிய செய்தி வேறில்லை.

இவ்வழியில் இரட்டைப் பதிவுக்கும் மருந்து உண்டு. அது நம் முன்னோர் அறிந்த மருந்தேயாகும். ரசீதுப் புத்தகத்தில் ஒவ்வொரு தாளுக்கும் எண் முன்னரே அச்சிட்டிருப்பது எதற்காக? ஒரு ரசீது இருமுறை கணக்கில் ஏறக்கூடாது என்பதற்காகவே. அவ்வாறே, விசையை அழுத்துமுன்னரே கிளைக் கணினி அப்பதிவுக்குக் கிளை எண்ணும் வரிசை எண்ணும் சேர்ந்த ஓர் எண்ணை இட வேண்டும். அதே எண் இரண்டாம் முறை வந்தால், “இது முன்னரே பதிந்தது” என்று சர்வர் விடை கூற வேண்டுமேயன்றி மீண்டும் பதியக்கூடாது. இந்த ஒரு விதி அச்சங்கத்தின் மென்பொருளில் இருந்திருந்தால் அந்த எழுத்தர் தலைகுனிய நேர்ந்திராது.

இத்தனை தொல்லை எதற்கு, பழையதை எறிந்துவிட்டுப் புதியதை வாங்கலாமே என்று சிலர் கேட்கலாம். அதிலும் நியாயம் உண்டு. தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்கள் 63,000-ஐப் பொது மென்பொருளின் கீழ்க் கொணர 2,516 கோடி ரூபாய் மதிப்பீட்டில் மத்திய அரசு 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. அத்திட்டத்தில் அடங்கிய விவசாயச் சங்கங்கள் அதன் வழியே செல்வதே முறை. ஆனால் அது கடன் சங்கங்களுக்கென வகுத்த திட்டம். நெசவாளர் சங்கம் தன் வழியைத் தானே வகுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. நூல் கொடுத்தல், துணி பெறுதல், கூலி கணக்கிடுதல், தள்ளுபடி கழித்தல் ஆகிய நுணுக்கங்கள் இருபது ஆண்டுகளாகப் பழைய மென்பொருளில் படிந்துள்ளன. அவற்றை ஒரே நாளில் எறிவது, பழக்கப்பட்ட மாட்டை விற்றுவிட்டு விதைப்பு நாளில் புது மாட்டைப் பூட்டுவதாகும். ஆகவே, முதலில் இரண்டாவது வழியால் கிளையை இணைத்துக்கொண்டு, பின்னர் நான்காவது வழிக்கு ஒவ்வொரு வேலையாக மாற்றுவதே அறிவுடைமை என்பேன். முதல் ஆண்டில் கணக்குப் பார்த்தலும் பணம் செலுத்தலும்; அதன்பின் நூல், துணிக் கணக்குகள்; இறுதியில் மற்றவை.

மாற்றும்போது மறவாதிருக்க வேண்டியது ஒன்று உண்டு. பழைய மென்பொருள்களில் அங்கத்தினர் பெயர்கள் அக்காலத்துத் தமிழ் எழுத்துருக்களின் குறிமுறையில் பதிந்திருக்கும். 1999-ஆம் ஆண்டின் சென்னை மாநாட்டையொட்டி டாம், டாப் என்னும் குறிமுறைகள் வகுக்கப்பட்டன. 2010-ஆம் ஆண்டில் தமிழக அரசு யூனிகோடு முறையை ஏற்றது. பெயர்களை யூனிகோடுக்கு மாற்றாமல் இணையத்தில் ஏற்றினால், கந்தசாமி என்னும் அங்கத்தினர் பொருளற்ற குறிகளின் கூட்டமாகத் திரையில் தோன்றுவார். மாற்றியபின் ஒவ்வொரு பெயரையும் அங்கத்தினர் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தல் அவசியம்.

அங்கத்தினர்களே, இவையெல்லாம் கணினி கற்றவர் விஷயம், நமக்கென்ன என்று இருந்துவிடாதீர்கள். அடுத்த பேரவைக் கூட்டத்தில் நிர்வாகக் குழுவினரை ஐந்து கேள்விகள் கேளுங்கள். நம் தரவுத்தளத்தின் வாயில் இணையத்திற்கு நேரே திறந்திருக்கிறதா? ஒவ்வோர் ஊழியருக்கும் தனிக் கடவுச்சொல் உண்டா, அல்லது எல்லோருக்கும் ஒன்றேயா? விசையை இருமுறை அழுத்தினால் கணக்கு இருமுறை ஏறுமா? கணக்கின் பிரதி ஒன்று இக்கட்டடத்திற்கு வெளியே வேறோர் இடத்தில் இருக்கிறதா? அப்பிரதியிலிருந்து கணக்கை மீட்டுப் பார்த்த கடைசி நாள் எது? மீட்டுப் பார்க்காத பிரதி, முளைக்குமா என்று சோதியாத விதைநெல்லைப் போன்றது. அதனை நம்பி நாற்றங்கால் விடலாகாது.

இணைப்பு அறுந்த நாளில் என்ன செய்வது என்பதையும் எழுதிவையுங்கள். கிளைக்கெனத் தனி வரிசையில் எண்ணிட்ட கைரசீதுப் புத்தகம் ஒன்று இருக்கட்டும். இணைப்பு வந்ததும் அந்த எண்ணோடு பதியட்டும். அங்கத்தினர் எவரும் “சர்வர் இல்லை, நாளை வாருங்கள்” என்னும் சொல்லைக் கேட்டுத் திரும்பிச் செல்லக்கூடாது. கூலி இழந்து பணம் கட்ட வந்தவருக்கு அச்சொல் ஒரு நாள் நட்டமாகும்.

அந்த எழுத்தரின் கதைக்கு முடிவையும் கூறிவிடுகிறேன். சர்வரின் பதிவையும் ரசீதின் அடிக்கட்டையையும் நிர்வாகக் குழுவின் முன் வைத்தேன். இரண்டாம் பதிவு நீக்கப்பட்டது. ஏடும் பெட்டியும் ஒத்தன. திறந்திருந்த வாயில் அன்று மாலையே அடைக்கப்பட்டது. அவர் இன்றும் அதே கிளையில் பணியாற்றுகிறார். ஆனால் அடிக்கட்டையைக் கிழித்தெறிந்திருந்தால், அல்லது பதிவில் நேரம் குறிக்கப்படாதிருந்தால், அவருடைய நேர்மையை எதனைக் கொண்டு நிலைநாட்டியிருக்க முடியும்? அங்கத்தினரின் பணத்தோடு ஊழியரின் மானத்தையும் காப்பதே நல்ல கணக்கு முறை. எத்துணைத் தொலைவுக்கு ஏட்டைக் கொண்டுசென்றாலும், அந்தக் காவலையும் உடன் கொண்டுசெல்லுதல் வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து.